ஊன்றுபொல்லின் சென்சரைப் பார்க்க முன் அதன் உயரத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சுவிஸிலிருந்தும் பெற்றோருக்கு வரும் பொதிகளில் இப்போது ‘ஸ்மார்ட்’ ஊன்றுபொல்லுகளும் மோட்டார் பூட்டிய வோக்கர்களும் வரத் தொடங்கியிருக்கின்றன. ஆள் விழுந்தால் தானாகவே பிள்ளைகளுக்குத் தகவல் அனுப்பும் பொல்லு, முன்னால் தடை இருந்தால் கைபிடியில் அதிர்வு தரும் பொல்லு, ஏற்றத்தில் தானே தள்ளி இறக்கத்தில் தானே பிறேக் பிடிக்கும் வோக்கர் என்று பல வகை. வேலை செய்யக்கூடிய கருவிகள்தான். ஆனாலும் அவற்றில் பல சில கிழமைகளிலேயே விறாந்தை மூலைக்குப் போய்விடுகின்றன. இன்னும் சில, விழுகிற ஆபத்தைக் கூட்டியும் விடுகின்றன. உயரம், வீட்டுக் கதவு, முற்றத்து மண், தொலைபேசி இணைப்பு இவை ஒன்றையும் பார்க்காமல் வாங்குவதுதான் காரணம். முதியோரின் நடையைச் சீர்செய்யும் வேலையில் இருக்கிறவர்கள் என்பதால், வாங்குகிறவர்களும் அனுப்புகிறவர்களும் கவனிக்கவேண்டியவற்றைத் தங்கள் பத்திரிகை வழியே சொல்ல விரும்புகிறோம்.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 684,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களில் பெரும்பகுதியினர் முதியவர்கள். நம் நாட்டில் 2012 குடிசன மதிப்பீட்டிலேயே 60 வயதைக் கடந்தவர்கள் 12.4 சதவீதமாக இருந்தார்கள். அதன் பிறகு அந்தப் பங்கு கூடியே வந்திருக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் மட்டும் பெரிய வீட்டில் என்று வாழும் யாழ்ப்பாணத்தில் இதைத் தள்ளிப்போட முடியாது.

முதலில் உயரம். வெறும் பூவரசந்தடியானாலும் சரி, ஆயிரம் டொலர் கருவியானாலும் சரி, உயரம் பிழைத்தால் எல்லாம் பிழைத்துவிடும். வழக்கமாகப் போடும் செருப்போடு நிமிர்ந்து நிற்கவைத்து, கையைத் தளர்வாகத் தொங்கவிடச் சொல்லுங்கள். மணிக்கட்டின் உட்பக்க மடிப்புக்கோட்டிலிருந்து நிலம் வரைக்கும் அளக்கவேண்டும். பொல்லின் கைபிடி அந்த மட்டத்தில் இருக்கவேண்டும். பிடித்து நிற்கும்போது முழங்கை 15 முதல் 30 பாகை வரை மடிந்திருந்தால் அளவு சரி. பொல்லு உயர்ந்து போனால் தோள் தூக்கிக்கொள்ளும், கையால் அழுத்தம் கொடுக்க முடியாது. பதிந்து போனால் ஆள் அந்தப் பக்கம் சாய்ந்து நடப்பார், பிறகு இடுப்பும் நோகும். அலுமினியப் பொல்லுகளில் துளைகள் பெரும்பாலும் ஓரங்குல இடைவெளியில் இருக்கும். பொத்தான் துளைக்குள்ளிருந்து முழுதாக வெளியே வந்து ‘டிக்’ என்ற சத்தம் கேட்கவேண்டும். அரைகுறையாக நின்றால், பாரம் விழுந்த நேரத்தில் குழாய் உள்ளே இறங்கிவிடும். தடித்த செருப்போடு அளந்த பொல்லு, கோயிலுக்குள் வெறுங்காலோடு நடக்கும்போது ஓரங்குலம் உயர்ந்து நிற்கும். அடிக்கடி கோயிலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு துளை இறக்கிப் பூட்டப் பழக்கிவிடுங்கள்.

அடுத்தது எந்தக் கை என்பது. இதில்தான் மிகக் கூடுதலாகப் பிழை விடுகிறார்கள். வலது முழங்கால் நோகிறதென்றால் பொல்லு இடது கையில் இருக்கவேண்டும். நோகிற காலோடு சேர்ந்து பொல்லும் முன்னால் போகவேண்டும். நோகிற காலில் பாரம் விழும் கணத்தில் உடல் மற்றப் பக்கம் சரியப் பார்க்கும். அந்தப் பக்கத்தில் பொல்லு நின்றால்தான் அது தாங்கும், இடுப்புத் தசைக்கும் வேலை குறையும். உடற்பாரத்தில் கால்வாசி வரைக்கும்தான் ஒரு பொல்லால் தாங்க முடியும். அதற்கு மேல் தாங்கவேண்டி வந்தால் அவருக்குத் தேவை வோக்கர். படி ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு பொல்லும் நோகிற காலும். இறங்கும்போது பொல்லும் நோகிற காலும் முதலில், பிறகு நல்ல கால். உள்ளங்கைக்கு ஏற்றபடி வளைத்துச் செய்த கைபிடியுள்ள பொல்லுகள் இடக்கைக்கு வேறு, வலக்கைக்கு வேறு. வெளிநாட்டில் வாங்கும்போது இதைக் கேட்காமல் வாங்கி, பிழையான கைக்குரிய பொல்லு வந்து சேர்கிறது. ஐயாவும் ‘பிள்ளை அனுப்பினது’ என்று அதையே பிழையான கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.

அடியில் மாட்டும் றப்பரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பொல்லுக்கு அதுதான் ரயர். அடிப்பக்கத்தில் வட்ட வட்டமாக வரிகள் இருக்கும். அவை தேய்ந்து மட்டமானாலோ, வெயிலில் காய்ந்து வெடித்தாலோ மாற்றவேண்டும். ஈரமான ரைல்ஸ் தரையிலும் மினுக்கிய சீமெந்துத் தரையிலும் தேய்ந்த றப்பர் சவர்க்காரம் போல வழுக்கும். குழாயின் வெளி விட்டத்துக்குப் பொருந்திய றப்பர்தான் வேண்டும். 19 மில்லிமீற்றர், 22 மில்லிமீற்றர் என்று அளவுகள் உண்டு, அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். உள்ளே ஓர் இரும்பு வட்டு இருக்கும் றப்பரை வாங்கினால், குழாய் விளிம்பு றப்பரைத் துளைத்துக்கொண்டு வெளியே வராது. சைக்கிள் ரியூப் துண்டைச் சுற்றிக் கட்டுவதும், பழைய செருப்பை வெட்டி ஆணி அடிப்பதும் வேண்டாம். ரியூப் ஒரு நாள் கழன்று உருளும், செருப்பு தேய்ந்ததும் ஆணித்தலை நிலத்தில் பட்டுச் சறுக்கும். குடையை ஊன்றி நடப்பதும் இதே ஆபத்துத்தான். பொல்லுப் பிடித்தால் வயது போய்விட்டதென்று சனம் நினைக்கும் என்ற கூச்சத்தில் பலர் குடையைப் பிடிக்கிறார்கள். அவர்களிடம் கோபிக்காமல், நல்ல றப்பர் போட்ட அழகான ஒரு மரப்பொல்லை வாங்கிக் கொடுங்கள்.

இனி மின்னணுக் கருவிகள். விழுவதைக் கண்டறியும் சென்சர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக்கூடாது என்பது விளங்கும். அசைவின் வேகமாற்றத்தை அது அளக்கிறது. திடீரென்று கீழ்நோக்கி விழுதல், உடனே ஓர் அடி, அதன்பின் கிடையாகக் கிடந்து அசைவில்லாமல் இருத்தல் என்ற மூன்றும் தொடர்ந்து வந்தால் ‘விழுந்துவிட்டார்’ என்று முடிவு செய்யும். பொல்லுக்குள் இந்தச் சென்சர் இருந்தால் சிக்கல் உடனே வருகிறது. சுவரில் சாய்த்த பொல்லு சரிந்து விழுந்தாலும் இதே மூன்றும் நடக்கும். ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை பொய் அழைப்பு வந்தால் பிள்ளைகள் அந்த எண்ணையே சத்தமில்லாமல் செய்து வைத்துவிடுவார்கள். உண்மையில் விழும்போது கேட்க ஆளிருக்காது. எதிர்மாறானதும் நடக்கும். கட்டில் ஓரத்திலிருந்து மெதுவாக வழுக்கி நிலத்தில் இருந்துவிடுவதும், சுவரைப் பிடித்தபடி சரிவதும் முதியோரிடம் அடிக்கடி நடப்பவை. அதில் பலமான அடி இல்லாததால் சென்சருக்குத் தெரியாது. உதவி கேட்கும் பொத்தான் பொல்லின் கைபிடியில் இருந்தாலும், விழுந்தவரின் கையை விட்டு அந்தப் பொல்லு நாலடி தள்ளிப் போய்க் கிடக்கும். கிணற்றடியிலும் குளியலறையிலும் அதை வெளியே சாத்தி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

இதனால் எங்கள் முடிவு இது: விழுவதை அறியும் கருவியும் உதவிப் பொத்தானும் உடம்போடு இருக்கவேண்டும். மணிக்கட்டில் கட்டுவது அல்லது கழுத்தில் தொங்குவது நல்லது. நீர்காப்பு ஐபி 67 என்ற தரத்துக்குக் குறையக்கூடாது. அந்தத் தரமென்றால் ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். குளிக்கும்போதும் கழற்றத் தேவையில்லாதது எதுவோ அதுவே பயன்படும். பொல்லு பொல்லாகவே இருக்கட்டும். பொல்லில் இருக்கவேண்டிய மின்சாதனம் ஒன்று உண்டென்றால் அது கைபிடிக்குக் கீழே நிலத்தை நோக்கும் சிறிய ரோச். இரவில் மலசலகூடத்துக்கு எழும்பும் முதியவருக்கு, இரண்டடி முன்னால் வெளிச்சம் விழும் பொல்லு பெரிய உதவி. முற்றம் கடந்து போகவேண்டிய வீடுகளில் இன்னும் கூடுதல்.

தடையை அறியும் பொல்லுகளுக்கு வேறு கணக்கு. காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணிப்பவை இவை. இந்தியாவின் டெல்லி ஐ.ஐ.டி. தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் உருவாக்கி 2014இல் வெளிவந்த ஸ்மார்ட் கேன் இந்த வகை. மூன்று மீற்றர் வரையுள்ள தடையை அது அதிர்வால் உணர்த்தும். பார்வையற்றவர்களின் வெள்ளைப் பிரம்பில் பூட்டுவதற்கென்று செய்யப்பட்டது அது, உடற்பாரத்தைத் தாங்கும் பொல்லு அன்று. பார்வை மங்கிய முதியவருக்கு இப்படிப்பட்ட பொல்லை வாங்கிக் கொடுத்துவிட்டு, இனிக் கவலையில்லை என்று இருக்கக்கூடாது. முன்னால் எழும்பி நிற்பதைத்தான் பெரும்பாலான சென்சர்கள் காணும். கீழே இறங்கும் பள்ளத்தைக் காணா. மூடியில்லாத வெள்ளவாய்க்காலும் மதவோரத்துப் பள்ளமும் அதற்கு வெறும் வெளிதான். காயப்போட்ட சேலை ஒலியை உறிஞ்சிவிடும், கொடிக்கம்பி மெல்லியது, அதிலிருந்து எதிரொலி வராமலே போகலாம். ஆகவே கால்வைக்கும் இடத்தைப் பொல்லின் நுனியால் தட்டிப் பார்க்கும் பழக்கம் கட்டாயம் வேண்டும். உள்ளூராட்சி சபைகளிடமும் இந்த இடத்தில் ஒன்றைக் கேட்கிறோம். வாசல்களுக்கு முன்னால் உடைந்து கிடக்கும் வாய்க்கால் மூடிகளை மழைக்கு முன்னரே மாற்றுங்கள். எந்தச் சென்சராலும் செய்யமுடியாத வேலை அது.

பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்குப் பொல்லிலிருந்து நிலத்தில் ஒளிக்கோடு போடும் கருவி உண்டு. கதவுவாசலிலும் திரும்பும் இடத்திலும் அவர்களின் கால் நிலத்தில் ஒட்டியதுபோல் நின்றுவிடும். முன்னால் ஒரு கோடு தெரிந்தால், அதைத் தாண்டுவதாக நினைத்துக் கால் எழும்பும். பச்சை ஒளி சிவப்பை விடத் தெளிவாகத் தெரியும். ஆனால் முற்றத்து வெயிலில் இரண்டுமே மங்கிப்போகும். வீட்டுக்குள் இதற்குச் செலவில்லாத வழி இருக்கிறது. கால் சிக்கும் இடத்தில் மஞ்சள் அல்லது வெள்ளை ஒட்டுநாடாவை நடைக்குக் குறுக்காக 40 முதல் 50 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஐந்தாறு கோடாக ஒட்டுங்கள். ஓரம் கிளம்பினால் உடனே மாற்றுங்கள், கிளம்பிய நாடாவே தடக்கும். முதலில் இதை இரண்டு கிழமை செய்து பாருங்கள். பயன் தெரிந்தால் ஒளிக்கோட்டுப் பொல்லுக்குப் பணம் செலவழிக்கலாம்.

சில்லு வைத்த வோக்கர் வாங்குமுன் மூன்று அளவு எடுக்கவேண்டும். நாலு சில்லு வோக்கரின் அகலம் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர், அதாவது இரண்டடி. எங்கள் பழைய வீடுகளில் மலசலகூடக் கதவு இரண்டடிதான் இருக்கும். சில்லின் விட்டம் எட்டு அங்குலத்துக்குக் குறைந்தால் மணல் முற்றத்தில் புதையும், ஒழுங்கையின் கல்லில் தடுக்கி நிற்கும். நிற்கும் வோக்கரின் மேல் ஆள் முன்னால் விழுவார். வாசற்படி உயரத்தையும் அளவுங்கள். ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது சாய்தளத்துக்குரிய பொதுக் கணக்கு. ஆறங்குலப் படிக்கு ஆறடி நீளச் சாய்தளம் வேண்டும். அதைவிடக் குத்தாகப் போட்டால் ஏறும்போது பின்னுக்கு இழுக்கும், இறங்கும்போது ஓட வைக்கும்.

மோட்டார் பூட்டிய வோக்கர்கள் கைபிடியில் விழும் அழுத்தத்தை அளந்து, ஏற்றத்தில் உதவி செய்து இறக்கத்தில் தாமே மெதுவாக்கும். மேடுபள்ளமான ஊர்களுக்கு அவை மிக நல்லவை. தட்டையான வலிகாமத்தில் அந்த உதவிக்குத் தேவை குறைவு. மணலில் சில்லு சுழன்று குழி தோண்டும். பத்துக் கிலோவுக்கு மேல் பாரம் இருப்பதால் ஓட்டோவில் ஏற்ற இன்னொருவர் வேண்டும். கனடாவிலிருந்து அனுப்புகிறவர்கள் சார்ஜரின் முதுகில் எழுதியிருப்பதை வாசியுங்கள். 100 முதல் 240 வோல்ட் வரை என்றிருந்தால் இங்கே பாவிக்கலாம். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் எங்கள் 230 வோல்ட்டில் செருகிய உடனே எரிந்துபோகும். எங்கள் கருத்துப்படி, இங்குள்ள பெரும்பாலானவர்களுக்கு எட்டங்குலச் சில்லும் கைப்பிறேக்கும் இருக்கையும் உள்ள சாதாரண வோக்கரே போதும். பொல்லு, வோக்கர் போன்றவற்றோடு உதவி அழைப்புக் கருவியையும் விழுவதை அறியும் கருவியையும் சேர்த்து, முன்னுரிமை கொடுக்கவேண்டிய 50 உதவிப் பொருட்களின் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்டது. மோட்டாருக்குச் செலவழிக்கும் பணத்தில் அந்தக் கருவிகளில் நல்லதொன்றை வாங்கலாம்.

பிறேக்கைச் சோதிப்பது எளிது. இரண்டு பக்கமும் பூட்டிவிட்டு வோக்கரைத் தள்ளுங்கள். சில்லு உருண்டால் வயர் தளர்ந்திருக்கிறது. சைக்கிள் பிறேக் வயரைப் போன்றதுதான், மூலையில் இருக்கும் சைக்கிள் கடைக்காரர் ஐந்து நிமிடத்தில் இறுக்கித் தருவார். இருக்கையில் இருக்கமுன் பிறேக் பூட்டாததால் வோக்கர் பின்னால் ஓடி விழுந்தவர்கள் பலர். கதிரையிலிருந்து எழும்பும்போது வோக்கரைப் பிடித்து இழுத்து எழும்பக்கூடாது. கதிரைக் கையை ஊன்றி எழும்பி, நின்ற பிறகுதான் வோக்கரைப் பிடிக்கவேண்டும். காரைநகர், குருநகர், பருத்தித்துறை போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்று பொத்தான் வில்லையும் சில்லு அச்சையும் துருப்பிடிக்க வைக்கும். கிழமைக்கொரு தடவை நல்லதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்த்தி, ஒரு துளி தையல்மெசின் எண்ணெய் விட்டால் போதும்.

அழைப்புக் கருவி வைத்திருப்பவர்கள் முதலில் அதிலுள்ள எண்களின் ஒழுங்கைப் பாருங்கள். பெரும்பாலும் ரொறன்ரோவில் இருக்கும் மகனின் எண் முதலாவதாக இருக்கும். இங்கே அதிகாலை இரண்டு மணியென்றால் அங்கே முதல்நாள் மாலை. மகன் வேலையிலோ வாகனத்திலோ இருப்பார். அவர் பார்த்தாலும் அங்கிருந்து அயலவரைத் தேடிப் பிடிக்கவேண்டும். வீட்டுத் திறப்பு வைத்திருக்கும் அயலவர் முதலாவது, சைக்கிளில் 15 நிமிடத்துக்குள் வரக்கூடிய உறவினர் இரண்டாவது, வெளிநாட்டுப் பிள்ளை மூன்றாவது என்று மாற்றுங்கள். முதல் எண் குரல் அஞ்சலுக்குப் போனால் யாரோ எடுத்துவிட்டார் என்று நினைத்து அங்கேயே நின்றுவிடும் கருவிகள் உண்டு. ஆகையால் அந்த எண்களில் குரல் அஞ்சலை நிறுத்தி வையுங்கள். கருவிக்குள் இருக்கும் சிம்முக்கு ரீலோட் போட மறப்பதுதான் அது பேசாமல் போவதற்கு மிகச் சாதாரணமான காரணம். மாதம் பிறந்தால் முதலாம் திகதி ரீலோட் போட்டு, பொத்தானை அழுத்தி மூன்று பேருக்கும் அழைப்புப் போகிறதா என்று பாருங்கள். சார்ஜ் போடுவதை இரவுக்கு விடவேண்டாம். கருவி கட்டாயம் தேவைப்படும் நேரம் இரவு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கதிரையில் சாய்ந்திருக்கும் நேரம் பொருத்தம்.

அழைப்பு வந்து ஓடிப்போகும் அயலவருக்கும் ஒன்றைச் சொல்லி வையுங்கள். விழுந்தவரை உடனே தூக்கக்கூடாது. ஒரு கால் கட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கக்கூடும். அசைக்காமல், போர்த்திவிட்டு 1990க்கு அழையுங்கள். 2018 முதல் வடமாகாணத்திலும் இயங்கும் இந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை. தலை அடிபட்டு, இரத்தம் இளகும் மருந்தும் எடுப்பவர் என்றால், நன்றாகப் பேசினாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும்.

எதையும் வாங்குமுன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கைபிடியுள்ள கதிரையிலிருந்து மூன்று மீற்றர் தூரத்தில் ஒரு கோடு போடுங்கள். எழும்பி, வழக்கமான வேகத்தில் கோடு வரைக்கும் நடந்து, திரும்பி வந்து இருக்க எடுக்கும் நேரத்தைக் கைத்தொலைபேசியில் பாருங்கள், பக்கத்தில் ஒருவர் நிற்கவேண்டும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் எடுத்தால் விழும் ஆபத்து உண்டு. அப்படியானவரை, பாவிக்கும் பொல்லோடும் எடுக்கும் மருந்துகளோடும், யாழ். போதனா வைத்தியசாலையிலோ அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையிலோ இயன்மருத்துவ (பிசியோதெரபி) பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். நித்திரைக் குளிசை, பிரஷர் மருந்தின் அளவு, தேய்ந்த செருப்பு, கால் விறைப்பு இவற்றில் ஒன்று காரணமாக இருந்தால் பொல்லு மட்டும் அதைத் தீர்க்காது. கதிரையிலிருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழும்பி இருக்கும் பயிற்சியை நாளாந்தம் இரண்டு நேரம் செய்தாலே தொடைத் தசை வலுப்பெறும். மருத்துவர் தடுத்தவர்கள் தவிர மற்றவர்கள் இன்றே தொடங்கலாம். முதலில் கையூன்றிச் செய்து பழகலாம்.

மருத்துவப் பொருட்கள் விற்கும் கடைக்காரர்களிடம் இரண்டு கேட்கிறோம். பொல்லு விற்கும் கடையில் அதற்குரிய அடி றப்பரும் இருக்கட்டும். வாங்க வந்தவரைக் கடைக்குள் பத்தடி நடக்கவிட்டு, உயரத்தைச் சரிபார்த்துக் கொடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள், வாங்கும் முன் வீட்டுக்கு அழைத்து இந்த ஐந்தையும் கேட்டு எழுதுங்கள்: மணிக்கட்டிலிருந்து நிலம் வரையான அளவு சென்ரிமீற்றரில், நோகிற கால் எது, உடல் நிறை, மலசலகூடக் கதவின் அகலம், முற்றம் மணலா சீமெந்தா. உடல் நிறையைக் கேட்பதற்குக் காரணம், ஒவ்வொரு பொல்லுக்கும் வோக்கருக்கும் தாங்கும் அளவு குறிக்கப்பட்டிருப்பது.

எத்தனையோ வீடுகளில் காலமானவர்களின் பொல்லும் வோக்கரும் அறைக்குள் தூசி படிந்து கிடக்கின்றன. அவற்றைக் கொடுக்க மனமுள்ளவர்கள் குழாயில் வெடிப்பில்லை, துளை நீளவில்லை, பிறேக் பிடிக்கிறது என்று பார்த்து, பழைய றப்பரைக் கழற்றிவிட்டுப் புதியது மாட்டி, அருகிலுள்ள இயன்மருத்துவப் பிரிவில் கேட்டுவிட்டுக் கொண்டுவாருங்கள். யாருக்கு எந்த உயரம் பொருந்தும் என்று அளந்து கொடுக்கும் வேலையை நாங்கள் செய்வோம்.

இப்படிக்கு,
இயன்மருத்துவர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.